சோற்றை விட்டும் சீனி இறங்கவில்லையா?

“சோத்தைத் தொட்டு மூணு மாசம் ஆகுது. ராத்திரியில வெறும் சப்பாத்திதான். ஆனாலும் சீனி இறங்கவே மாட்டேங்குது.”

கல்யாண வீடோ, கிளினிக் வரிசையோ, நம்மவர் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் கேழ்வரகுக்கு மாறச் சொல்வார். இன்னொருவர் பொன்னி அரிசியைச் சிபாரிசு செய்வார். மூன்றாமவர் சீனிக்குப் பதில் தேனைச் சொல்வார். சொல்லி முடித்த கையோடு எல்லாரும் ஆளுக்கொரு தே தாரிக் குடிப்பார்கள்.

இதைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இனிப்பு நீர் இருப்பதே தெரியாது என்ற நிலைதான் நாடு முழுவதும். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால் அப்போதும் இனவாரியாகப் பார்த்தால் நம் வரிசைதான் மேலே நின்றது.

ஆகவே கார்போஹைட்ரேட் பற்றிய பேச்சு நமக்கு உணவுப் பேச்சு மட்டுமல்ல. கண், சிறுநீரகம், கால் விரல் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. சோற்றின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தப்பவிடுகிறோமா என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரே பெயர், மூன்று வகை

கார்போஹைட்ரேட் என்றதும் சோறு, ரொட்டி, கிழங்கு ஆகியவை மட்டும் நினைவுக்கு வரும். உண்மையில் அது மூன்று வகைச் சத்துகளுக்கான பொதுப் பெயர்: சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து.

பூக்கட்டும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் ஓர் உதிரிப் பூ. பழங்களில் உள்ள ஃபிரக்டோஸ் இன்னோர் உதிரிப் பூ. இவை இரண்டும் ஜோடியாகச் சேர்ந்தால் அதுதான் நாம் காப்பியில் போடும் சீனி. பாலில் உள்ள லாக்டோஸும் இப்படி இரண்டு சேர்ந்த ஜோடிதான். இவை சர்க்கரை வகை. ஜோடியைப் பிரிக்க உடலுக்கு அதிக நேரம் தேவையில்லை.

அதே குளுக்கோஸ் பூக்களை நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தொடுத்தால் அது மாவுச்சத்து. அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம், உருளை, மரவள்ளி, பருப்பு எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். சரம் நீளமானாலும் உடல் அதைப் பூப்பூவாக உதிர்த்துவிடும். ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள், மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலேயே உதிர்க்கும் வேலை ஆரம்பித்துவிடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நார்ச்சத்தும் பெரும்பாலும் இதே போன்ற சரம்தான். ஆனால் அதில் போட்டிருக்கும் முடிச்சை நம் சிறுகுடலால் அவிழ்க்க முடியாது. அதனால் அது ரத்தத்தில் சீனியாகச் சேராமல் பெருங்குடலுக்குப் போகிறது. வெண்டைக்காயின் வழவழப்பு, ஓட்ஸ் கஞ்சியின் கொழகொழப்பு ஆகியவை கரையும் நார். இது குடலில் கூழ் போலப் பரவி, சீனி ரத்தத்துக்குள் ஏறும் வேகத்தைக் குறைக்கும். கீரைத் தண்டு, தவிடு, பழத் தோல் ஆகியவற்றில் உள்ளது பெரும்பாலும் கரையாத நார். மலச்சிக்கலைத் தடுப்பது இதன் வேலை. நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது மலேசியப் பரிந்துரை. தினமும் வெள்ளைச் சோறு, ரொட்டி சானாய், மீ கோரெங் என்று போகிறவர்கள் அதில் பாதியை எட்டுவதே கடினம்.

ஏன் சிலது மட்டும் விர்ரென்று ஏறுகிறது?

உதிர்ந்த குளுக்கோஸ் ரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் வந்தால்தான் தசைகளின் கதவு திறந்து குளுக்கோஸ் உள்ளே போகும். மிஞ்சியது கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாகும். அதற்கும் மேல் மிஞ்சினால் கொழுப்பாக மாறி, இடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. நாளடைவில் இன்சுலினும் குறைகிறது.

எனவே கவனிக்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு கார்போஹைட்ரேட் உள்ளே போகிறது, எவ்வளவு வேகமாக அது ரத்தத்தில் ஏறுகிறது.

வேகத்தை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் 1981-இல் அறிமுகப்படுத்திய கிளைசீமிக் குறியீடு அது. குளுக்கோசுக்கு 100 மதிப்பெண் கொடுத்து மற்ற உணவுகளை அதோடு ஒப்பிடுகிறார்கள். 55-உம் அதற்குக் கீழும் என்றால் மெதுவாக ஏறும் உணவு. 70-உம் அதற்கு மேலும் என்றால் வேகமாக ஏறும் உணவு.

இந்த வேகத்தை மாற்றும் காரணங்கள் சில உண்டு. முதலாவது, தானியத்தை எவ்வளவு நுணுக்கமாக அரைக்கிறோம் என்பது. முழுத் தானியத்தைவிட அதன் மாவு வேகமாகச் செரிக்கும். இரண்டாவது, எவ்வளவு குழைய வேகவைக்கிறோம் என்பது. குழைந்த கஞ்சி, உதிரியான சோற்றைவிட வேகமாக ஏறும். மூன்றாவது, அரிசியின் ரகம். அமிலோஸ் என்ற மாவுச்சத்து அதிகமுள்ள பாஸ்மதி உதிரியாக நிற்கும், மெதுவாகச் செரிக்கும். மணக்க மணக்க ஒட்டிக்கொள்ளும் மல்லிகை அரிசியும் புளுட் எனப்படும் ஒட்டரிசியும் வேகமாக ஏறும். பொன்னிப் புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடச் சற்று மேல் என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது அதன் மாவுச்சத்து கொஞ்சம் இறுகிவிடுகிறது.

ஆனால் இந்தக் குறியீட்டை மட்டும் நம்பி மார்க்கெட்டுக்குப் போகக்கூடாது. தர்பூசணியின் குறியீடு 70-ஐத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு துண்டில் இருக்கும் சர்க்கரை கொஞ்சமே. ஐஸ்கிரீமில் உள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் அதன் குறியீடு குறைவாக வரும். அதற்காக அது நல்ல உணவாகிவிடாது. பாஸ்மதி என்பதற்காக இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டால், மெதுவாக ஏறினாலும் ஏற வேண்டியது ஏறத்தான் செய்யும்.

சப்பாத்திக் கணக்கு

இப்போது சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியவரின் கணக்கைப் பார்ப்போம்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. சிறு மங்கில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிராம் அட்டா மாவில் இட்ட ஒரு பெரிய சப்பாத்தியிலும் ஏறக்குறைய அதே 28 கிராம்தான். ஆக, இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டவர் இரண்டு மங்கு சோற்றுக்குச் சமமான கார்போஹைட்ரேட்டைச் சாப்பிட்டிருக்கிறார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா என்றால் கணக்கு இன்னும் கூடும். சோற்றை விட்டார்; ஆனால் அளவை விடவில்லை. சீனி இறங்காததற்கு வேறு மர்மம் எதையும் தேட வேண்டாம்.

சப்பாத்தி கெட்டது என்று சொல்லவில்லை. அட்டா மாவில் தவிடும் சேர்ந்திருப்பதால் வெள்ளைச் சோற்றைவிட நார்ச்சத்து அதிகம். இரவில் ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்தி, கூடவே பருப்பும் காய்கறியும் சேர்த்துக்கொண்டால் அது நல்ல உணவுதான்.

மாவு வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கடையில் ‘தெப்போங் காண்டும்’ என்று எழுதியிருப்பதைக் கோதுமை மாவு என்று படித்துவிட்டு, முழுக்கோதுமை என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவிடு நீக்கிய வெள்ளை மாவு. ரொட்டி சானாய்க்குப் பிசைவதும் அதைத்தான். அதோடு நெய்யும் மார்ஜரினும் சேர்வதால், ஒரு சாதாரண ரொட்டி சானாயே சுமார் 300 கலோரி வந்துவிடும். நமக்கு வேண்டியது அட்டா என்று தெளிவாகப் போட்டிருக்கும் மாவு.

கேழ்வரகுக்கும் இதே நியாயம்தான். கால்சியத்திலும் நார்ச்சத்திலும் அது அரிசியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் கார்போஹைட்ரேட் அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நைஸாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து ஒரு பெரிய குவளை குடித்தால் சீனி வேகமாகவே ஏறும். களியாகவோ அடையாகவோ அளவோடு, முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுவது மேல்.

ஜப்பான்காரன் காலத்தில் நம் பெரியவர்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் உருளையை ஒதுக்கிவிட்டு மரவள்ளியைத் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 கிராம் மரவள்ளியில் சுமார் 38 கிராம் கார்போஹைட்ரேட். உருளையிலும் சர்க்கரைவள்ளியிலும் ஏறக்குறைய அதில் பாதிதான்.

நம் வீட்டிலேயே இருக்கும் நல்ல கார்போஹைட்ரேட் எது என்று கேட்டால், பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாவுச்சத்து, நார்ச்சத்து, புரதம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த உணவு இது. கிளைசீமிக் குறியீட்டிலும் கீழேதான் நிற்கும். மாலையில் கச்சாங் பூத்தே கடையில் நின்றால் முறுக்கை விட்டுவிட்டு அவித்த கடலையைக் கேளுங்கள். இரண்டும் ஒரே வண்டியில்தான் இருக்கின்றன. ரத்தத்தில் செய்யும் வேலைதான் வேறு.

கோப்பைக்குள் ஒளிந்திருப்பது

சோற்றைக் கரண்டிக் கணக்கில் குறைக்கும் நாம், கோப்பையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி சீனி. காலையில் பசியாறும்போது ஒன்று, மாலையில் ஒன்று என்று குடித்தால் 40 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அதையும் 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது. இரண்டு தே தாரிக்கிலேயே 40 கிராம் போய்விட்டால், பிஸ்கட்டுக்கும் பலகாரத்துக்கும் இடம் ஏது?

குடிக்கும் சர்க்கரைக்கு மெல்லும் வேலை இல்லை, தடுக்க நாரும் இல்லை. வயிறு நிறைந்த உணர்வும் வராது. அதனால் அதைக் குடித்த பிறகும் அதே அளவு சோறு சாப்பிடுவோம். கரும்புச் சாறு, சிராப், ‘உடம்புக்கு நல்லது’ என்று பிள்ளைகளுக்கு டின் பால் கலந்து கொடுக்கும் மால்ட் பானம் எல்லாமே இந்த வரிசையில் வருபவைதான். பழத்தைக் கடித்துத் தின்பதற்கும் நான்கு ஆரஞ்சைப் பிழிந்து ஒரே மடக்கில் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது. 2024-இல் அது 50 சென்னாகவும், 2025-இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். ஓராண்டு கழித்து, கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் அது விரிந்தது. ஆனால் ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இங்கே இந்தப் பான வரியும் இல்லை, தர எழுத்தும் இல்லை. அங்கே நம் வாய்தான் தரக் கட்டுப்பாடு. ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லத் தொடங்குங்கள். நாக்குப் பழகியதும் ‘தே ஓ கோசோங்’ அல்லது சீனி போடாத ‘தே சி கோசோங்’ கேளுங்கள். ஒரே நாளில் நிறுத்தச் சிரமம் என்றால் வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தாலும் போதும். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

டின்னும் போத்தலும் வாங்கும்போது லேபிளில் ‘ஜும்லா கூலா’ என்ற வரியைத் தேடுங்கள். மொத்தச் சர்க்கரை என்று பொருள். அது 100 மில்லி லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். 10 கிராம் என்றால் 500 மில்லி லிட்டர் போத்தலில் 50 கிராம். அதாவது 10 தேக்கரண்டி. ‘ரமுவான்’ என்ற பொருள்பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். குலா, சிராப், குளுக்கோசா, ஃபுருக்தோசா, டெக்ஸ்ட்ரோசா என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது சர்க்கரைக் குடும்பமே.

தட்டை எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு வேளையும் கிராம் கணக்குப் பார்க்க யாராலும் முடியாது. அதற்காகத்தான் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்ற எளிய வழியைச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது வேறு மாவுப் பண்டம். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்ஃபூ போன்ற புரதம். பாதித் தட்டு காய்கறியும் பழமும்.

நம் தட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். பாதிக்கு மேல் சோறு. ஓரத்தில் ஒரு கரண்டிக் கீரை. அந்தக் காய்கறியிலும் உருளைப் பொரியல் இருந்தால் அதைச் சோற்றுப் பக்கத்தில்தான் கணக்கு வைக்க வேண்டும். அப்பளமும் அப்படியே. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் மட்டும் வைத்துச் சாப்பிடும்போது, மாவின் மேல் இன்னொரு கார்போஹைட்ரேட்டைத்தான் கொட்டுகிறோம். பருப்புக் குழம்போ சொதியோ மீன் குழம்போ ஊற்றி, எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்துவது மேல்.

சாப்பிடும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் நீரிழிவு உள்ள 11 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே உணவுதான். ஒரு நாள் ரொட்டியையும் ஆரஞ்சுச் சாற்றையும் முதலில் கொடுத்தார்கள். இன்னொரு நாள் காய்கறியையும் கோழியையும் முதலில் கொடுத்துவிட்டு ரொட்டியைக் கடைசியில் கொடுத்தார்கள். காய்கறியை முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சீனி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் வீட்டில் செய்து பார்க்கச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.

வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போனால் இதைச் சுலபமாகச் செய்யலாம். சோறு போட வருபவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, முதலில் கூட்டையும் பொரியலையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிடுங்கள். பிறகு ஒரு கரண்டிச் சோறு. இரண்டாவது தடவை சோறு இலவசம் என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. வேண்டுமானால் இரண்டாவது தடவை காய்கறி கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்து கதை பேசாமல் பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால், தசைகளே அந்தக் குளுக்கோசில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும்.

அடியோடு நிறுத்தலாமா?

‘கார்ப்பே வேண்டாம்’ என்ற உணவுமுறை இப்போது வாட்சப்பில் வேகமாகப் பரவுகிறது. எடையைக் குறைக்கவும் சீனியைக் கட்டுப்படுத்தவும், கார்போஹைட்ரேட்டைக் குறைப்பது பலருக்குக் கைகொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினால், மருந்து மட்டும் வேலை செய்து ரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். சீனி 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் மட்டும் சீனித் தண்ணீர்தான் மருந்து. அட்டா சப்பாத்தியின் நிதானம் அங்கே உதவாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை எடுப்பவர்கள் கார்போஹைட்ரேட்டை மிகவும் குறைத்தாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. விரதமோ புதிய உணவுமுறையோ எதுவானாலும், முதலில் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பல அரசாங்க கிளினிக்குகளில் உணவு ஆலோசகரைப் பார்க்க மருத்துவரே அனுப்பிவைப்பார். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் அடிக்கடி கேட்பவை

*சீனிக்குப் பதில் தேன், நாட்டுச் சர்க்கரை, குலா மலாக்கா சேர்க்கலாமா?*

மணமும் நிறமும் மாறும். துளியளவு தாதுச்சத்து கூடும். ரத்தத்தில் இவையும் சர்க்கரைதான். சீனிக்கு என்ன அளவோ அதே அளவுதான் இவற்றுக்கும்.

*நீரிழிவு உள்ளவர்கள் பழம் சாப்பிடலாமா?*

சாப்பிடலாம். சாறாக அல்லாமல் முழுப் பழமாக, ஒரு வேளைக்கு ஒரு கையளவு. கொய்யா, ஆப்பிள், பப்பாளி நல்லவை. டுரியானில் மட்டும் கவனம்: 100 கிராம் சுளையில் ஏறக்குறைய 27 கிராம் கார்போஹைட்ரேட், அதே எடைச் சோற்றுக்குச் சமம். டுரியான் சாப்பிடும் நாளில் அந்த வேளைச் சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

*‘சீனி இல்லை’ என்று போட்ட பிஸ்கட் நல்லதா?*

சீனி இல்லாமல் இருக்கலாம், மாவு இருக்கிறதே! வெள்ளை மாவும் எண்ணெயும்தான் அதில் பெரும்பகுதி. பழுப்பு நிற ரொட்டியும் அப்படித்தான். நிறத்தைப் பார்க்காமல், பொருள்பட்டியலில் முழுக்கோதுமை முதலில் வருகிறதா என்று பாருங்கள்.

*ஆறிய சோற்றில் சீனி ஏறாது என்கிறார்களே?*

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி, செரிக்காத வகைக்கு மாறுவது உண்மை. ஆனால் அது சிறு பகுதிதான். ஆறிய சோறு என்பதற்காக அளவைக் கூட்டக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் சோற்றை மேசையிலேயே நாள் முழுக்க விட்டுவைத்தால் கிருமி பெருகும். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்து பார்க்க

ஏழு நாளைக்கு ஒரு சின்ன நோட்டில் நீங்கள் சாப்பிடும் மாவுப் பண்டங்களையும் குடிக்கும் பானங்களையும் மட்டும் எழுதுங்கள். எத்தனை தோசை, எத்தனை கரண்டிச் சோறு, எத்தனை கோப்பை, அதில் எத்தனை கரண்டிச் சீனி. வேறு எதையும் மாற்ற வேண்டாம். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓரிரு நாள் சோதித்து அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவருக்கு ஏற்றும் உணவு இன்னொருவருக்கு அதே அளவு ஏற்றுவதில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆலோசனையைவிட உங்கள் நோட்டுக்குத்தான் உங்கள் உடம்பைப் பற்றித் தெரியும்.

வாரக் கடைசியில் அந்த நோட்டிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறையுங்கள். பலருக்கு அது சோறாக இருக்காது. நான்காவது சப்பாத்தியாகவோ மாலை நேரத்து இனிப்புப் பானமாகவோ இருக்கலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்தை மாற்றுவதா, உணவை மாற்றுவதா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

வீட்டில் நாற்பது வயதைத் தாண்டிய யாராவது இதுவரை சீனியே பார்க்காமல் இருந்தால், இந்த மாதமே அழைத்துப் போங்கள். வெறும் வயிற்றில் 7 மில்லிமோலோ அதற்கு மேலோ வந்தால் அது நீரிழிவுக்கான அளவு. மருத்துவர் மறுபடி சோதித்து உறுதிப்படுத்துவார். அதற்குக் கீழே, எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவர்களுடைய தட்டும் கோப்பையும் இப்போது மாறினால், நோயைத் தள்ளிப்போடவும் தடுக்கவும் முடியும்.

அடுத்த வாரம்: சமையல் எண்ணெய், எது, எவ்வளவு?